உங்கள் சின்னத்துக்கு நான் போட்ட ஓட்டு

இன்று காலை சுண்ணாம்பு வாசனை சமையலறை வரை வந்தது. எட்டிப் பார்த்தால், நம் காம்பவுண்டுச் சுவருக்கு இரண்டு பேர் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவில் தேங்கிய சாக்கடைத் தண்ணீரில் செங்கல் போட்டு, அதன்மேல் நின்று அடிக்கிறார்கள். வாக்காளர்களுக்குக் கவுன்சிலர் இதில் எழுதி நன்றி சொல்லப்போகிறாராம்.

கவுன்சிலர் யார் தெரியுமா? குமரேசன்தான். போஸ்டர் ஒட்டப் பசை வாளியோடு உங்கள் கூடவே அலைந்தவன். உங்கள் கட்சியில், உங்கள் சின்னத்தில் நின்று ஜெயித்தான். பதவியேற்ற வாரமே போய் ஆளுங்கட்சியின் சால்வையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

இதற்கு உனக்கென்ன இவ்வளவு கோபம் என்பீர்கள். சொல்கிறேன். காட்டுப்பாக்கம் வரை வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்ட நீங்கள், இந்த வீட்டில் மட்டும் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை வாயெடுத்தீர்கள். ரகசிய வாக்கு என்றால் வீட்டுக்காரருக்கும் ரகசியம்தான் என்றேன். கான்வென்ட் பேசுகிறது என்று சிரித்தீர்கள், அதோடு விட்டுவிட்டீர்கள். பிறகு எல்லாத் தேர்தலிலும் ஒரே ஆட்டோவில் போய், நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போட்டுவிட்டு வந்தோம். உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கும். நீங்கள் போய்ச் சேர்ந்தபின் வந்த முதல் தேர்தல் இது, நான் தனியாகப் போனேன். உங்களுக்காக, முதல் முறையாக, உங்கள் சின்னத்தை அழுத்தினேன்.

அதைத்தான் இவன் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

உங்கள் கட்சி மண்ணைக் கவ்விய வருடம் பாதித் தெரு கொடியை மாற்றிக்கொண்டது. நீங்களோ மறுநாளே அதே கரை வேட்டியோடு டீக்கடைக்குக் கிளம்பினீர்கள். பால் வாங்க நானும் பின்னால் வந்தேன். "இன்னா நைனா, இன்னுமா இத்த கட்டிக்கினு கீற?" என்று ஒருவர் சீண்டினார். "தோத்தா வேட்டிய அவுத்துடுவாங்களா?" என்றீர்கள். கடையே சிரித்தது. உங்கள் கட்சி எனக்குப் பிடித்ததில்லை. அந்தப் பதில் பிடித்திருந்தது.

வெள்ளையடிப்பதை நிறுத்தச் சொன்னதும் குமரேசனே வந்துவிட்டான். வேட்டியில் புதுக் கரை. ஆளுங்கட்சியில் இருந்தால்தான் இந்தத் தெருவுக்குக் கால்வாய் வரும் என்று எனக்கே பாடம் எடுத்தான். தெருக்கோடி அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களும் அதுதான் சரி என்றார்களாம். சின்னத்துக்கு விழுந்த ஓட்டை நீ எப்படி எடுத்துக்கொண்டு போகலாம் என்று கேட்டேன்.

"ஜனம் சின்னத்த பாத்தாம்மா போட்டுச்சு? என் மூஞ்ச பாத்து போட்டுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க எனக்குத்தானே போட்டீங்க?" என்றான்.

"தலைவரு தலைவருன்னு அவர் பின்னாடி சுத்தினியே, அவரே என்கிட்ட கேட்காத கேள்வி இது. உன் ஆளுங்கள கூட்டிக்கிட்டுக் கிளம்பு."

கிளம்பிவிட்டான். சுவர் பாதி வெள்ளையாக நிற்கிறது. இனி கால்வாய் நம் வாசலுக்கு வருவதற்குள் இன்னொரு மழைக்காலம் போய்விடும் என்று எதிர்வீட்டுப் பெண் என்னைக் குறைசொல்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

முழங்கால் விடும்வரை நான் வரிசையில் போய் நிற்கத்தான் போகிறேன். ஆனால் யாருக்குப் போட்டேன் என்று இனி உங்களிடமும் சொல்வதாக இல்லை.