ஒரே ரிங் வந்தால் நலம்

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளை தினமும் காலையில் ஒரே ஒரு ரிங் விடுவானே, “நல்லாயிருக்கேன், எடுத்துக் காசைக் கரைக்காதே” என்று? இன்று கை தவறி எடுத்துவிட்டேன். பேசியது அவன் ரூமில் கூடத் தங்கியிருக்கும் நம் ஊர் வெல்டர்.

“அவன் எங்கப்பா?”

“தூங்குறான்மா.”

“காலை ஷிப்டுக்காரன் இப்ப தூங்குறானா?”

“ஐயோ, ஆஸ்பத்திரியில எல்லாம் இல்லம்மா!”

ஆஸ்பத்திரி என்று நான் வாயே திறக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான்!

அதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் ஏன் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தீர்கள்? பத்து நாளாக ரிங் வந்த உடனே, “பாத்தியா, நல்லாயிருக்கான்” என்று முந்திக்கொள்வதும் நீங்கள்தான்.

வெல்டர் பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறேன். அவளுக்குப் பொய் வராது.

சாவி மீட்டர் பெட்டிக்குள்.

மறந்துவிட்டேன்: பிரஷர் மாத்திரையைப் போடுங்கள். இத்தனை நாள் தனியாகச் சுமந்தது போதும்.

இன்னொன்று: நான் வந்ததும் அவனுக்குப் போன் போட்டுத் தாருங்கள். ஒரு ரிங்கோடு நிறுத்தக் கூடாது. அவன் எடுக்கிற வரைக்கும்.