எட்டுப் பிள்ளைகளின் இடது முட்டி

அன்புள்ள வாலுக்கு,

லைட்டு மாமா எழுதுவது. நான் நலம். உன் டீச்சரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. போனில் பேசியிருக்கலாமே என்பாய். என் போனை என்னைவிட அவள்தான் அதிகமாகப் பார்க்கிறாள். அதனால்தான் கடிதம்.

டீச்சர் கோபமா, டீச்சர் கோபமா என்று மூன்று வாரமாக என்னைக் குடைந்தெடுக்கிறாய். அவளோ உன் போனை எடுக்கவும் மாட்டேன், ஏன் என்று சொல்லவும் மாட்டேன் என்கிறாள். உங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என் மண்டை காய்கிறது. சலங்கை கட்டும்போதே பிடிவாதத்தையும் சேர்த்துக் கட்டிவிடுவீர்களா என்ன?

நடந்ததைச் சொல்கிறேன். உன் மாணவிகள் ஆடிய வீடியோ வந்த அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். முழுமண்டி போட்டுத் தரையோடு தரையாக உட்கார்ந்து எழும் இடம் வந்தது. எட்டுப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வலது பக்கம் சாய்ந்து, இடது காலைக் கொஞ்சம் தாமதமாக இழுத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கியபடி எழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கைதட்டினார். இவள் முகம் சுண்டிப்போயிற்று. அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தப்பாக ஆடுகிறார்களா என்று கேட்டேன். "நான் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் ஆடுறாங்க, போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு விளங்க இரண்டு நாள் ஆனது. அது ஆட்டமே இல்லை, வாலு. அவளுடைய முட்டி வலி. நேராக எழ முடியாமல் சாய்ந்து எழுந்திருக்கிறாள். பல்லைக் கடிப்பது தெரியாமல் இருக்க முகத்தைத் தூக்கியிருக்கிறாள். நீ அதையும் பாடம் என்று நினைத்து, மயிரிழை பிசகாமல் கற்றுக்கொண்டு, எட்டுப் பேருக்கும் ஏற்றிவிட்டாய். அந்த நடன உருப்படியை அவளிடம் கற்றபோது உனக்கு வயது பதினாறு, இப்போது முப்பத்தொன்று. ஆக, பதினைந்து வருஷத்து வலி. என்னிடம் சொன்னதோ, போன மழைக்காலத்திலிருந்துதான் என்று. மேடைக்கு மேடை அவள் மேல் விளக்கு அடித்தவன் நான். அந்தச் சாய்வு அழகாக இருக்கிறதே என்று அதற்கென்றே தனியாக ஒரு மஞ்சள் விளக்கு வேறு போட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் வீடியோவையும் காட்டினேன். முட்டியில் இனித் தேய ஒன்றும் மிச்சமில்லை, ஆபரேஷன் செய்யாவிட்டால் வருஷம் திரும்புவதற்குள் நடை நின்றுவிடும் என்றார். செய்தால் நன்றாக நடக்கலாம், மண்டி மட்டும் போடக் கூடாதாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மண்டி போட்டுக் காட்டாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன், தப்பைத் தப்பாகவே விட்டுவிட்டுப் போகவா என்கிறாள். மகன் சொன்னான், நான் கெஞ்சினேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, வெட்கம். உன் முகத்தில் விழிக்க வெட்கம்.

டீச்சர் பேசும்வரை உன் மாணவிகளின் மேடை நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பைத்தியக்காரத்தனமெல்லாம் வேண்டாம். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு இங்கே வா. வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதே, அதற்கு நேரமில்லை. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று வாயால் சொல்லச் சொல். நீ ஆடு. எழுந்து காட்ட வந்தால் உட்காருங்கள் என்று அதட்டு; என் அதட்டல் இந்த வீட்டில் எடுபடாது. உட்கார்ந்தபடியே உன்னைத் திருத்த முடியும் என்று தெரிந்துவிட்டால், ஆஸ்பத்திரிக்கு அவளே கிளம்பிவிடுவாள்.

ஒரே வீட்டில் இருந்த எனக்குத் தெரியாத வலி உன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். உனக்கு எங்கேயாவது வலித்தால், முதலில் உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடு, அம்மா.

நீ வரும் வழியைப் பார்த்திருக்கும்,
லைட்டு மாமா