செனோட்டேயில் எண்ணெய்க் குளியல்

நாள் 41. காலை 9.10
ஆழம் 27 மீட்டர். குழாய்வழிக் காற்று சீர். நீர் 25 டிகிரி.

கண்டெடுப்பவருக்கு: நான் பிரமநாயகம். வயது ஐம்பத்து மூன்று, நீரியலாளன், தொப்பை உண்டு. இருப்பது யுகாட்டானில், சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான செனோட்டே என்னும் கிணற்றின் அடியில், ஓர் இரும்பு அறைக்குள். மாயா மக்கள் ஒரு காலத்தில் கும்பிட்ட நீர். இப்போது ஊரே நீந்துகிறது. மேலே வானொலியில் உலகம்மை: நுண்ணுயிர் ஆய்வாளர், என் மேலதிகாரி, என் மனைவி. மூன்று பேரின் திட்டும் ஒரே குரலில் வந்துவிடும்.

இன்று தீபாவளி. உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய். உடம்பைத் தேய்த்துக் கழுவாமல் எவரும் இறங்கக் கூடாது என்பது வாயிற்காவலர் அன்செல்மோவின் சட்டம். இன்றைய வேலைக்கு இறங்கும்போது, அவர் காப்பி குடிக்கப் போன நேரம் பார்த்துக் குதித்து, அறைக்கு வந்துவிட்டேன். கிணறு இருக்க, குழாயடியில் குளிப்பானா திருநெல்வேலிக்காரன்?

நாள் 41. 11.40
ஜன்னலுக்கு வெளியே வெள்ளைப் படலம். என் உள்ளங்கை அளவு, ரேகை உட்பட. ஏணியிலும் நான் பிடித்த இடங்களில் மட்டும்.

வானொலியில் உலகம்மை: "என்னத்தயாவது உளறாதிய. மாதிரி எடுத்து, புட்டியில போட்டு, கயித்துல கட்டி மேல அனுப்புங்க."

அனுப்பினேன்.

நாள் 41. 13.05
"ஏங்க, இது காலங்காலமாப் பட்டினி கெடந்த உயிர். எண்ணெயக் கண்டதும் வெறி புடிச்சிருக்கு. தண்ணியத் தொடாதிய."

சொல்வதற்குள் தொட்டிருந்தேன். அறையின் தரையில் நீரைப் பார்த்துத் திறந்திருக்கும் அடிவாயில் வழியாக இடது கை. வலி இல்லை. மோதிரம் தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தேன். அது இருந்த விரலைக் காணவில்லை.

நாள் 41. 13.30
துண்டால் துடைக்கிறேன். சோப்பு இல்லை. எண்ணெய் உடம்போடு வெளியேற வழி இல்லை. காற்றுக் குழாயில் வெள்ளை ஏறுகிறது. விரல் போனதையும் குழாயையும் சொன்னேன்.

"போன மாசம் முதலைன்னிய. அதுக்கு முந்தி மாரடைப்புன்னிய. உங்களுக்கு வேற சோலி இல்லியா? குழாய நான் வந்து பாக்கேன்."

தலைக்கு ஊற்றியாயிற்றா என்று கேட்டேன்.

"எங்க ஊத்த விட்டிய? எண்ணெயோடதான் உக்காந்திருக்கேன்."

நாள் 41. 13.42
முப்பது வருடத்தில் முதல்முறையாக, சிரிப்பில்லாமல் பேசினேன். உலகம்மா, வராதே. நான் செத்தாலும் பரவாயில்லை, நீ இறங்காதே.

நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு:

"நீங்க இப்படிப் பேசுனதே இல்லியே. பயமாயிருக்கு. இருங்க, வாரேன்."

வானொலி மேசைமேல் வைக்கப்படும் ஒலி.

நாள் 41. 13.47
கத்துகிறேன். கேட்க ஆள் இல்லை. கையையாவது நீரில் விட்டு அந்த வெள்ளையை இங்கேயே பிடித்து

விட்டேன். முழங்கை வரை. அதற்கு என் மேல் ஆர்வம் போய்விட்டது. ஜன்னல் சுத்தமாகிவிட்டது. ஏணியும். வெள்ளை எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து மேலே போகிறது. நீர் எவ்வளவு தெளிவு. வெளிச்சத்தில் அவள் காலை உதைத்து உதைத்து