கஜா பேராங் அரசனுக்கு

பண்டார் ஹிலிர் கடையொன்றில் நேற்று பெடாக் சுஜுக் இருந்தது. அரிசியை ஊறவைத்து அரைத்துக் காயவைத்த வெள்ளை மணிகள். புட்டியைத் திறந்து முகர்ந்தேன்.

"அங்கிள், அது பொம்பளைங்க மூஞ்சில பூசுறது" என்றாள் கடைக்காரப் பெண்.

"தெரியும்மா. ராஜாக்களும் பூசுவாங்க."

உன் அம்மா கொடுத்த அந்த மாவுதான் நம் நாடகத்துக்கு ஒப்பனை. மலாயா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, நாம் பள்ளியில் நான்காம் படிவம். சினிமாவும் நாடகமும்கூடப் பாடம்தான் என்று நம் ஆங்கில ஆசிரியர் பிடிவாதமாக இருந்தார். சனிக்கிழமைக் காலைக் காட்சிக்கு அழைத்துப்போய், கதாநாயகி ஏன் சன்னலைத் திறந்தாள் என்று கட்டுரை எழுதச் சொன்னார். நான் மூன்று பக்கம் எழுதினேன். நீ "புழுக்கம்" என்று ஒரே சொல் எழுதினாய். உனக்குத்தான் அதிக மதிப்பெண். அந்தக் கணக்கு இன்னும் என்னிடம் தீரவில்லை.

மெர்டேக்கா என்ற சுதந்திர விழாவுக்குப் பள்ளியிலிருந்து ஒரே நாடகம். மலாய், சீனம், தமிழ் மூன்றும் போட்டியில் இருந்தன. தமிழ் நாடகத்தை எழுதியவன் நான். மகனை இழந்த அரசனாக நடிக்கவும் ஆசைப்பட்டேன். ஆசிரியர் என் உயரத்தைப் பார்த்தார், உன் உயரத்தைப் பார்த்தார். தலைமுறைகளாக மலாயே பேசி, தமிழ் தெரியாமல் போன செட்டி வீட்டுப் பையனுக்குக் கிரீடம். எழுதியவனுக்குத் திரைமறைவில் வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை.

உனக்காக எல்லாவற்றையும் மலாய் எழுதும் ரூமி என்ற ஆங்கில எழுத்தில் எழுதித் தந்தேன். கோயில் பாட்டையும் உங்கள் வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தீர்கள். தாளில் உள்ளதை ஓர் எழுத்தும் விடாமல் பாட வேண்டும், விட்டால் குற்றம். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் போட்டிக்கு முதல் நாள் கடைசிக் காட்சியை மாற்றி எழுதி, நடிப்புக் குறிப்புகளுக்கு முன்னால் அவசரத்தில் 'அடைப்புக்குறி' என்று சொல்லாகவே குறித்து, உன் கையில் திணித்துவிட்டுப் போனேன். விளக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் "ஸெமுவா ஹஃபால் லா!" என்று மார்தட்டினாய். எல்லாம் மனப்பாடமாம்.

எல்லாமும்தான். "மகனே, என்னை விட்டுப் போனாயே!" என்று முழங்கினாய். அதே குரலில், "அடைப்புக்குறி. இங்கே நிறுத்திக் கண்ணீர் விடுகிறான்" என்றும் முழங்கினாய். பிறகு, ஒத்திகையில் பழகியபடியே நிறுத்தி, உண்மையாகவே கண்ணீர் விட்டாய். தமிழ்ப் பையன்கள் பெஞ்சிலிருந்து உருண்டார்கள். அடுத்ததையாவது விடச் சொல்லி நான் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்திருக்கலாம். முடியவில்லை. திரைச்சீலையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

"தள்ளாடி இரண்டடி பின்னால் போகிறான்" என்றாய். போனாய். தமிழ் அறியாத மலாய், சீனப் பையன்கள் உன் முகத்தையே பார்த்து மூக்கை உறிஞ்சினார்கள்.

ஆசிரியருக்கும் தமிழ் தெரியாது. "பாதிச் சபை சிரிக்கிறது, பாதி அழுகிறது. இதுதான் நடிப்பு! ஒரு சொல்லும் மாறக் கூடாது" என்று நம்மையே தேர்ந்தெடுத்தார். விழாவிலும் அடைப்புக்குறியோடுதான் அழுதாய்.

என் சோக நாடகம் நாசமாயிற்று என்று ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. நீ தினமும் சைக்கிளில் வந்து என் வாசலில் மணி அடித்தாய். "தக் அபா லா, மெனாங் லா!" பரவாயில்லை, ஜெயித்துவிட்டோமாம். பரவாயில்லை என்பதை உன்னைப்போல் யாரும் சொன்னதில்லை. எனக்கு இன்றுவரை அது வாயில் வராது. பதவி உயர்வைப் பறித்தவர்கள், பாகப் பிரிவினையில் ஏமாற்றிய அண்ணன், ஒருவரையும் நான் விட்டதில்லை. அப்பா இறந்தபோதும் எனக்குக் கண்ணீர் வரவில்லை.

போன மாதம் கஜா பேராங்கில் உங்கள் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் அக்கா, கடைசியாக, உன் முகத்தில் பெடாக் சுஜுக் பூசியிருந்தார். நான் மரம்போல நின்றேன். அப்போது என் வாய் தானாக, உன் அரசக் குரலில் சொல்லிற்று: "அடைப்புக்குறி. இங்கே நிறுத்திக் கண்ணீர் விடுகிறான்."

வந்தது. சிரிப்போடு சேர்ந்து வந்தது. சுற்றியிருந்தவர்களுக்குத் தமிழ் புரியவில்லை. அவர்களும் அழுதார்கள்.