துருவப் பாதையில் ஒரு விமானமும் இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் நலம்.

செவ்வாயன்று எங்கள் விண்வெளி மையத்தில், சூரியனில் பெரிய வெடிப்பு ஒன்றைத் திரையில் பார்த்தேன். அதன் துகள்கள் வந்துசேர்ந்தால், துருவத்துக்கு மேலே பறக்கும் விமானங்களின் ரேடியோ ஊமையாகிவிடும்.

"விமானங்களைத் திருப்பச் சொல்லணும் சார்."

"தப்பாப் போனா மானம் கப்பலேறிடும்மா. நிச்சயமா?" என்றார் பிரிவுத் தலைவர்.

"நிச்சயம்," என்றேன்.

பதினொரு விமானங்கள் பாதை மாறின. ஒரு மணி நேரத்தில் துருவ ரேடியோ அடங்கியது. அங்கே ஒரு விமானம்கூட இல்லை, அப்பா! தலைவர் எழுந்து கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள்.

வீட்டில் நான் மட்டும்தானே, வந்து சுவரிடம்தான் சொன்னேன். நீங்கள் பேப்பரைச் சத்தமாகப் படிப்பதைப் பதிவு செய்து அனுப்புங்கள், சாப்பிடும்போது கேட்கலாம்.

பஸ் நிறுத்தத்தில் நின்று எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. பெருமையடிக்காதே என்பீர்கள். இந்த ஒரு தடவை தெரு முழுக்க நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகள்