அறுந்தாலும் சொல்

அவூரின் தாய்க்கு, நைரோபியிலிருந்து உன் கிழவன் சொல்ல, ஒக்கெல்லோ எழுதுவது. நான் சுகம், உன் முட்டிவலி எப்படி?

எங்கள் ஆபீசில் போன் வழியே இணையம் இணைக்கும் புரோகிராமை ஒக்கெல்லோதான் எழுதினான். மணி அடிக்கிறது, எடுத்துவிட்டார்கள் என்று படிப்படியாகத் திரையில் சொல்ல அதில் ‘கால்பேக்’ என்று ஒரு வாய் வைத்தான். லைன் அறுந்தால் சொல்ல மட்டும் எழுதவில்லை. லைன் அறுந்த பிறகும் காலை முழுக்க ‘இணைகிறது’ என்றே காட்டியது.

“அறுந்துபோச்சுன்னு சொல்லாத வாய் எதுக்குடா, உகாலி திங்கவா?” என்று முதலாளியம்மா கத்தினாள்.

எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் பொங்கியது. என் அம்மா செத்ததையே குழிமேட்டில் புல் முளைத்த பிறகுதான் சொன்னவள் நீ. நம் மகள் அவூருக்குப் பிரசவ வலி கண்டதாக பஸ் டிரைவரிடம் சொல்லியனுப்பினாய். அதற்குப்பின் வந்த பஸ்ஸிலெல்லாம் ‘எல்லாரும் சுகம்’ மட்டும்தான்.

டிரைவரிடம் கொஞ்சம் ஓமேனா கருவாடு கொடுத்தனுப்பு. பஸ் கிளம்புகிறது. பிள்ளை தங்கவில்லையென்றால் அதையும் சொல்லடி. இங்கே நானும் அழ வேண்டாமா?