தங்கம் சிரித்துக்கொண்டே சொன்னது

செகந்திராபாத்
ஆகஸ்ட் 2012

சிரஞ்சீவி அச்யுத்துக்கு,

அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் ஸ்மிதாவும் அங்கே அப்படியே இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் சொன்ன நடையை விட்டுவிட்டு, கரன்ட் போகும்போதெல்லாம் மின்சார ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பதையே தேகப்பயிற்சியாக வைத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் நீ, அந்த விஷயம் தீர்ந்துவிட்டது அம்மா, கம்பெனி நடவடிக்கை எடுத்துவிட்டது என்று சொன்னபோது நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபமா என்று கேட்டாயாம். கோபமில்லை, கேட்கவே அருவருப்பாக இருந்தது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் மீட்டிங் என்பாய், அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

உனக்கு நான் இதைத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். நம் பழைய குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளை பாலச்சந்திரன், பேகம்பேட்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காகத் தொழிற்சாலைகளைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் ஆபீசில் இருக்கிறானே, அவன் ஜூன் மாதம் வீட்டுக்கு வந்தான். உப்பலில் ஒரு தையல் ஆலையில் தர்மபுரிப் பக்கத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள், தமிழில் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும், நீங்கள் ஆபீசில் மொழிபெயர்ப்பே வேலையாக இருந்தவர்களாயிற்றே, ஒரு நாள் வாருங்கள் ஆன்ட்டி என்றான். அந்த ஆலை நீ வேலை பார்க்கும் கம்பெனிக்குக் குழந்தைகள் கவுன் தைக்கிறது, அங்கே யாரையும் அடிமையாக வைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்யத்தான் சோதனை என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளை அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறான் என்று ஆட்டோக்காரரிடம்கூடச் சொல்லிக்கொண்டு போனேன்.

அந்தச் சோதனையின் லட்சணத்தைக் கேள். சுவரில் பெயின்ட் வாசனை போகவில்லை, குடிதண்ணீர் மெஷினுக்கு மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. பாலச்சந்திரன் நடைபாதையின் அகலத்தை அளந்தான், தீயணைக்கும் சிலிண்டரைப் படம் எடுத்தான், நடுவில் மானேஜர் கொடுத்த முந்திரிப் பருப்பைக் கொறித்தான். பிறகு பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து என்னைக் கேட்கச் சொன்னான். வாசற்படியில் மானேஜர் நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இஷ்டப்பட்டுத்தான் இருக்கிறோம் மேடம், ஒரு குறையும் இல்லை என்று வந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி ஒரே ராகத்தில் ஒப்பித்தார்கள். தங்கம் என்ற பெண் வந்தாள், இருபது வயதுகூட இருக்காது. அவளும் அதே ராகத்தில்தான், பல் தெரியச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். “நான் சிரிச்சுக்கிட்டே சொல்றேங்க்கா, நீங்களும் சிரிங்க, அந்தாளு பாக்கறான். எங்கம்மா செத்துப்போச்சு, மூஞ்சி பாக்கக்கூட விடலை. ஆஸ்டல் கேட்டு எப்பவும் பூட்டியே இருக்கும். ஓடப் பாத்த எங்கூட்டாளி அம்மணியைச் சோறு போடாம ரூமுல அடைச்சாங்க.” நான் சிரித்தேன், அச்யுத். தாய் செத்ததைச் சொல்லும் பெண்ணைப் பார்த்து, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தேன்.

வெளியே வந்து பாலச்சந்திரனிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் வெளுத்தது, அவ்வளவுதான். “ஒருத்தி சொன்னதை வெச்சு எழுத முடியாது ஆன்ட்டி, எழுதினா அந்தப் பொண்ணுக்குத்தான் ஆபத்து” என்றான். நியாயமாகத்தானே இருக்கிறது என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அவன் கடைசியில் எழுதியது என்ன தெரியுமா, விடுதியில் பொழுதுபோக்குக்கு ஒரு டிவி வைத்தால் நல்லதாம். இந்த மூளைக்கு எம்.பி.ஏ. படிப்பு வேறு.

அப்பாவிடம் சொன்னேன். வம்பு வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன், அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷனில், கம்ப்ளெயின்ட் கொடுக்க நீங்கள் யார் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரி, உறவாகவே போவோம் என்று மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நான் தங்கத்தின் சித்தியானேன், அப்பா சித்தப்பா ஆனார். அக்கா காரியத்துக்குப் பெண்ணை அழைத்துப்போக வந்திருக்கிறோம் என்று ஆலை கேட்டுக்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டோம். வாட்ச்மேன், “நக்கோ அம்மா, இதர் நக்கோ பைட்டோ,” இங்கே உட்காராதீர்கள் என்று கெஞ்சினான், உட்காரவிட்டால் அவன் வேலை போய்விடுமாம். நான் ஒப்பாரியே வைத்தேன். சிரிக்காதே, ஆபீசில் மேஜையைத் தட்டியே பழகிய உன் அம்மா நடுரோட்டில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். உப்பல் ஜனம் கூடிவிட்டது. மானேஜர் ஓடிவந்து, கம்பெனிப் பெயர் கெடுகிறது, கூட்டிக்கொண்டு தொலையுங்கள் என்று தங்கத்தை ஒரு துணிப்பையோடு வெளியே தள்ளினார். அவளுக்கு என்னைக் கட்டிக்கொள்ளத் தெரியவில்லை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், வீடு வரும்வரை விடவில்லை.

இதை உன்னிடம் சொன்னேன், நீ மேலே சொன்னாய், அதுவரை சந்தோஷம். உன் கம்பெனி என்ன செய்தது? ஆர்டரை ரத்து செய்தது. ஆலைக்காரன் ஹாஸ்டலைக் காலிசெய்து, மிச்சப் பெண்களை வேன்களில் ஏற்றி எங்கோ வேறு மில்லுக்கு அனுப்பிவிட்டான். எங்கே என்று வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. பூட்டு அப்படியே இருக்கிறது, ஊர்தான் மாறியிருக்கிறது. இதற்குப் பெயர் நடவடிக்கையா? ஸ்மிதா பெருமையாக அனுப்பிய உங்கள் வெப்சைட் பக்கத்தை அப்பா கம்ப்யூட்டரில் படித்துக் காட்டினார். எங்கள் பொருள் எதிலும் அடிமை உழைப்பு இல்லை, கண்டால் சற்றும் பொறுக்கமாட்டோம் என்று போட்டு, பக்கத்தில் ஒரு பெண் சிரிக்கிற படம். உங்கள் ஆட்களுக்கு அடிமைத்தனம் உறுத்தவில்லை, அது தங்கள் துணியில் ஒட்டியிருப்பதுதான் உறுத்துகிறது. தட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து, தீர்ந்துவிட்டது என்கிறாய்.

தங்கம் உன் அறையில்தான் இருக்கிறாள். ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்கிறாள், அம்மணி கிடைத்தால் சேர்ந்து போகிறாளாம். பக்கத்துத் தெரு தையல்கடையில் வேலை கொடுக்கிறோம் என்றார்கள், நான் சொல்லுமுன்பே, கடைக் கதவு திறந்திருக்குமா என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

நீ செய்யவேண்டியது ஒன்றுதான். அந்த ஆலைக்காரனுக்குப் பெண்களைக் கொண்டுவந்து விடும் ஏஜென்ட் யார், வேறு எந்த மில்லோடு அவனுக்குத் தொடர்பு என்று உன் கம்பெனிக்குத் தெரியாமல் இருக்காது. கேள். என் டிபார்ட்மென்ட் இல்லை என்று என்னிடம் சொல்லாதே. வரதராஜன் மாமாவின் மருமகள் வக்கீல், இடம் தெரிந்தால் கோர்ட்டுக்குப் போகத் தயாராக இருக்கிறாள். கேட்டதற்காக உன் வேலைக்கு ஆபத்து வந்தால் அதையும் எழுது, நம் வீட்டில் இன்னும் சோறு இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, ஸ்மிதாவிடம் கடிதத்தை மறைக்காதே, இரண்டு பேரும் நல்ல புத்தியோடும் தைரியத்தோடும் நெடுங்காலம் இருக்க என் ஆசீர்வாதம். மறந்துவிடாதே: அம்மணி, சொந்த ஊர் பென்னாகரம் பக்கம், ஒல்லி, இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, வேகமாகப் பேசினால் திக்கும். எழுதும்போது தங்கம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது. உங்கள் வெப்சைட்டில் இடமிருந்தால் இதையும் போடச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
பகவதி